பதினெட்டு மில்லிசெகண்ட்

பசை காய்வதற்குள்
இருபத்தொரு கம்பிகளையும் தலையில் ஒட்டிவிட வேண்டும்.
தவசிலிங்கம் அசையாமல் படுத்திருந்தார்.
சும்மா கிடக்கும்போது அவருக்கு ஒன்றுமில்லை.
ஃபஹாஹீலின் ஆகஸ்ட் வெயில் ஜன்னல் திரையில் நின்றது.
ஏசி ஓடியது.
விரல்கள் விரல்களாகவே இருந்தன.

"அந்த கிளாஸை எடுங்க" என்றேன்.
எடுக்க நினைத்தார்.
அவ்வளவுதான்.
தோள் வெட்டியது, முழங்கை வெட்டியது,
தண்ணீர் என் கோட்டில்.
"மன்னிச்சிருங்க சிஸ்டர்."
நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன்.
திருத்தவில்லை.

கோப்பில் இருந்தது:
எண்ணெய்த் தொட்டி, வண்டல் வாரும் வேலை,
முதலில் இறங்கியவர் இவர்.
இதயம் நின்றது ஏழு நிமிடம் என்கிறது ஒரு தாள்,
பதினொன்று என்கிறது இன்னொன்று.
மற்றதெல்லாம் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது அவருக்கு:
மனைவியின் போன் நம்பர், சீட்டுப் பாக்கி,
கேம்ப்பில் மேல்கட்டில் தன்னுடையது என்பது.
தலைக்குள் 'போதும்' என்று சொல்கிற செல்கள் சில உண்டு.
மூச்சு முட்டினால் முதலில் தவிப்பவை.
அவை திரும்பவில்லை.

நூறு தரம் எடுக்கச் சொன்னேன்.
ஒரே ஒரு வெட்டில் எதுவும் தெரியாது.
கண் சிமிட்டியது, பல்லைக் கடித்தது,
பக்கத்து அறை மெஷின்,
எல்லாம் சேர்ந்து கிறுக்கியிருக்கும்.
நூறையும் வெட்டு விழுந்த புள்ளியில்
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி
அங்கிருந்து காலத்தைப் பின்னால் நகர்த்திப் பார்க்க வேண்டும்.
தற்செயல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்.
தின்ன முடியாதது மிஞ்சும்.

அறுபத்து மூன்றில் வியர்த்தார்.
எழுபதில் ஒரு கெட்ட வார்த்தை,
தன் கையைப் பார்த்து.
நூற்றுநான்கில் நிறுத்தினேன்.
திரையில் எழுந்து நின்றது,
வெட்டுக்குப் பதினெட்டு மில்லிசெகண்ட் முன்னால்,
உச்சிக்குச் சற்று இடப்புறம்,
ஒரு சின்ன முள்.
கைமேல் தப்பில்லை. கைக்கு வந்த சேதி அப்படி.

பிறகு இரு கைகளையும் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன்.
மணிக்கட்டு பொத்தென்று தொங்கி, உடனே எழுந்தது.
இது வேறு. துடிப்பே அல்ல இது.
தசை ஒரு கணம் வேலையைக் கைவிடுகிறது.
கோட்டில் அந்த இடம் வெறுமை.
"காலும் இதேதான்" என்றார்.
"நிக்கிறேன். தரை இருக்கு.
திடீர்னு நான் இல்ல."
பதினோரு வருஷம் படித்தவற்றில்
எங்கும் இவ்வளவு சரியாக எழுதியிருக்கவில்லை.

கம்பிகளைக் கழற்றுமுன் கம்பெனி மந்தூப் வந்தார்.
கணக்குத் தீர்க்கும் தாள், கைரேகைக் கருவி.
பிளைட் வியாழக்கிழமை.
தவசிலிங்கம் கட்டைவிரலை நீட்டினார்.
வெட்டு. சிவப்பு விளக்கு.
நீட்டினார். சிவப்பு.
மறுபடி என்று கருவி அரபியில் சொன்னது;
அந்தச் சத்தத்துக்கே தோள் தூக்கிப் போட்டது.
"தொகை எவ்வளவுன்னு போட்டிருக்கு?"
யாரும் சொல்லவில்லை.
நானும் தாளைப் பார்க்கவில்லை.

மந்தூப் மரியாதையாகத்தான்
சாவியைப் பிடிப்பதுபோல் அந்த விரலைப் பற்றினார்.
நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், கையைத் தளர விடுங்கள்,
மலையாளத்தில்.
வைத்தார். அழுத்தினார்.
ஒரு வெட்டும் இல்லை.
பச்சை.

ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்திருந்தேன்.
அந்த நான்கு நொடி இப்போதும் என் கணினியில் இருக்கிறது:
கோடுகள் சாதுவாக ஓடுகின்றன,
முள் எங்கும் இல்லை.
கை நகர்ந்திருக்கிறது, நகர்த்த நினைத்தவர் அந்தத் தலைக்குள் இல்லை.
ரிப்போர்ட்டில் இதற்கென்று கட்டம் கிடையாது.

முடியில் ஒட்டிய பசையைத் துடைக்கும்போது
தண்ணீர் கேட்டார்.
அரை கிளாஸ் ஊற்றி, ஸ்ட்ராவைத் தேடினேன்.
"வேணாம், நானே எடுத்துக்கறேன்."
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்தேன்.